சாதி வாலுக்கு ஒரு வரவேற்புரை

மாண்புமிகு சாதி வால் அவர்களே,

தங்களுக்கு இடமும் வலமுமாக வீற்றிருந்து மேடையை அலங்கரிக்கும் திருவாளர் மணிக்கட்டுக் கயிறு அவர்களே, பைக்கின் நம்பர் பிளேட்டில் நம்பரை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்டிக்கர் அவர்களே, பேருந்து நிறுத்தத்தையே மறைத்து நிற்கும் ஃப்ளெக்ஸ் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் பத்தி பத்தியாகப் பிரிந்து வரும் மணமகள் தேவை அவர்களே, தேர்தல் வந்தால் மட்டும் கணக்கு வாத்தியாராகிவிடும் வேட்பாளர் தேர்வுக் குழு அவர்களே, எதிரே பெருந்திரளாகக் கூடியிருக்கும் ‘எங்களுக்கெல்லாம் அந்த வித்தியாசமே கிடையாதுங்க’ பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவேற்புரையை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. தமிழ் மேடையில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்பது வால் அவர்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் ‘நீண்ட இடைவெளிக்குப் பின் தமிழகம் திரும்பும்’ என்று தங்களைப் பற்றி அச்சாகிவிட்டது. அச்சகத்தாரின் தவறு. திரும்பி வருவதற்குத் தாங்கள் போகவே இல்லையே! பெயரின் பின்னாலிருந்து இறங்கியது உண்மை. இறங்கி, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டீர்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இன்றுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தலைமை விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது மரபு. தாங்கள் பெயரிலிருந்து இறக்கப்பட்ட நாள் எல்லோருக்கும் தெரியும். 1929, பிப்ரவரி 17, 18. செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு. தலைமை, பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை மக்கள் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம். அடுத்தவன் வாலை அறுக்கத் தீர்மானம் போடுவதில் ஒரு சிரமமும் இல்லை. இந்த மனிதர்கள் தங்கள் வாலைத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். மாநாட்டுத் தலைவர் தன் பட்டத்தைத் துறந்தார். ஈ.வெ.ரா. அதற்கு முன்பே ‘குடி அரசு’ முகப்பில் தன் பெயரோடு ஒட்டியிருந்த நாயக்கரை இறக்கி வைத்துவிட்டிருந்தார். பார்த்தவர்கள் அறுத்தார்கள். அறுத்தவர்களின் பிள்ளைகள் வாலில்லாமலே பிறந்தார்கள்.

இதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. கிண்டலுக்குரியவர் தாங்கள்தான். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் நடக்காத காரியம் அது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து முருகன், செல்வி, ராஜேந்திரன், மேரி, காதர் என்று வாசித்தால் மதம் தெரியலாம், சாதி தெரியாது. வடக்கே போன தமிழனைக் கேட்டுப் பாருங்கள். “பெயர்?” “முருகன்.” “முழுப் பெயர்?” “கே. முருகன்.” “கே என்றால்?” “அப்பா.” கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் படரும் பாருங்கள், அந்த ஏமாற்றத்துக்காகவே செங்கற்பட்டில் இன்னொரு மாநாடு போடலாம்.

ஆனால் கேட்பவன் தமிழனாக இருந்தால் ஏமாற மாட்டான். வாலை அறுத்த ஊரில் வால் தடவும் கலையை நாம் வளர்த்தெடுத்திருக்கிறோம். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிற ஒரு பையனோடு தாங்களும் படியேறிப் போயிருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருநெல்வேலிப் பக்கம்ங்க சார்.”

“திருநெல்வேலியில எங்க?”

பையன் ஊரைச் சொல்கிறான்.

“அட, நம்ம சம்பந்தி வீடு அங்கதான். ஊர்ல எந்தத் தெரு?”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சார்.”

“பஸ் ஸ்டாண்டுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?”

“பின்னாடி சார்.”

“அப்படியா. குலசாமி எதுங்க தம்பி?”

பையன் சொல்கிறான். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு விளக்கு அணைகிறது.

“சும்மாத்தான் கேட்டேன். நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல. வீட்டம்மாவைக் கேட்டுட்டு போன் பண்றேன்.”

அந்தப் போன் இன்னும் வரவில்லை. பெயரில் ஓர் எழுத்துகூட இல்லாத சாதியை ஐந்தே கேள்வியில் தோண்டி எடுத்துவிட்டார். இது ஒரு முறை. முதுகில் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டி, சட்டைக்கு உள்ளே நூல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது இன்னொரு முறை; அது படித்தவர்கள் கூடும் இடங்களில் கையாளப்படுவது, சத்தமே வராது. “நீங்க எந்தச் சமூகம்?” என்று நேராகக் கேட்பது கிராமத்து முறை. சமூகம் என்ற சொல் சமுதாயம் முழுவதையும் குறித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அது தாங்கள் வெளியூர் போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டை. “நம்மாளுங்க” என்பது வீட்டில் கட்டும் வேட்டி.

பெயரில் இடம் போனதும் தாங்கள் சினிமாவுக்குப் போனீர்கள். சுயமரியாதை மாநாடு முடிந்து அறுபத்து மூன்று வருடம் கழித்து, 1992 என்ற ஒரே ஆண்டில் ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’ என்று தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் ஒட்டப்பட்டீர்கள். ரேஷன் அட்டையில் இல்லாத வால் திரையரங்க வாசலில் நாற்பதடி உயரத்துக்கு நின்றது. படைப்பாளிகளைக் கேட்டால், சாதியை விமர்சிக்கத்தான் எடுத்தோம் என்பார்கள். இருக்கலாம். போஸ்டருக்குப் பால் ஊற்றியவன் விமர்சனத்துக்கா ஊற்றினான்?

பிறகு பள்ளிக்கூடம். மேடையில் இருக்கும் கயிறு அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களைப் பற்றித்தான். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியவில்லை என்ற குறையைத் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் மணிக்கட்டில் தீர்த்துக்கொண்டார்கள். இன்ன நிறம் என்றால் இன்னார். எழுத்தறிவு தேவையில்லாத வால் இது. 2019-இல் கல்வித்துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொல்லிவிட்டார். பழைய நிலை தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைச் சாதி சொல்லிக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் சொன்ன ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே இரவில் வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். ஒருவன் பெயருக்குப் பின்னாலும் பதிவேட்டில் பட்டம் இருந்திருக்காது. தீர்மானத்தை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய தலைமுறை அது!

அதன் பின் இதற்கு வழி சொல்ல அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை நியமித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அறிக்கைக்கு என்ன எதிர்ப்பு வந்தது தெரியுமா? கயிறு பக்தியின் அடையாளமாம். எந்தச் சாமிக்கு எந்த நிறம் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பானேன்.

இவ்வளவும் வால் உள்ளவர்களின், அல்லது வால் இருந்து அறுத்தவர்களின் கதை. அறுக்க ஒன்றுமே இல்லாதவர்களைப் பற்றியும் இந்த மேடையில் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். துண்டுச்சீட்டு மறுபடி வருகிறது, பரவாயில்லை.

மனுவின் நூல் இரண்டாம் அத்தியாயத்திலேயே பெயர் வைக்கும் விதியைச் சொல்லிவிடுகிறது. பிராமணன் பெயரில் மங்கலம் இருக்க வேண்டும், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு. தொட்டிலிலேயே முடிந்துபோகிற வேலை. பிள்ளை வளர்ந்து தான் யார் என்று கண்டுபிடிக்கிற தொல்லைகூடக் கிடையாது, பெயரே சொல்லிவிடும். நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன பெயர் என்று அந்த விதி சொல்லவில்லை. நம்மூர்ப் பண்ணையார் அந்த இடத்தை நிரப்பினார். குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை, அமாவாசை.

எதிரே இரண்டாவது வரிசையில் ஒரு பேராசிரியர் கையைத் தூக்குகிறார். பிறந்த பிள்ளை தக்கவில்லை என்றால் எமன் கண்ணில் படாமலிருக்க எல்லாச் சாதியிலும் குப்பை, பிச்சை என்று வைப்பதுண்டு, நாட்டார் வழக்கு தெரியாமல் பேசுகிறீர்கள் என்கிறார். தெரியும் ஐயா. எமனை ஏமாற்ற ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வைத்த பெயர் அது. அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்தால் ‘பிச்சை’யோடு ஒரு வால் வந்து சேர்ந்துகொள்ளும், பெயர் நிமிர்ந்துவிடும், ஊர் கையெடுத்துக் கும்பிடும். சேரியில் தெரு முழுக்கக் குப்பனும் மண்ணாங்கட்டியும் இருந்தது எமனுக்குப் பயந்தா? பிள்ளைக்கு ‘ராசா’ என்றோ ‘துரை’ என்றோ பெயர் வைத்துவிட்டு அதே பெயர் கொண்ட பண்ணையார் களத்தில் அடுத்த நாள் கதிர் அறுக்கப் போக முடியுமா? மீறிப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயராகப் பதிந்தாலும் பண்ணை வாசலில் அந்தப் பெயர் செல்லாது. அறுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பொடியன் “ஏலே” என்று கூப்பிடுவான். கிழவர் அந்தப் பொடியனைச் “சின்னய்யா” என்பார். அவர் பெயர் என்ன என்று அந்தப் பொடியன் சாகும்வரை தெரிந்துகொள்ளாமலே வாழ்ந்து முடிப்பான்.

அதெல்லாம் அந்தக் காலம் என்கிறீர்களா? தனித்தொகுதியில் வென்று ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணின் பெயரை அலுவலகப் பலகையில் எழுதவிடாத ஊர்கள் இந்தக் காலத்தில்தான் இருக்கின்றன. துணைத் தலைவர் பெயர் இருக்கும், எழுத்தர் பெயர் இருக்கும், தலைவர் இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு டப்பா நீலப் பெயின்ட், ஒரு தூரிகை, அரை மணி நேரம். அதற்கு ஆட்சியர் வர வேண்டியிருக்கிறது, காவல்துறை வர வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து வழக்கமான குரல் ஒன்று கேட்கும், இதோ கேட்கிறது. “சாதிச் சான்றிதழ் குடுக்கறத நிறுத்துங்க சார், சாதி தானா ஒழிஞ்சுடும்.” ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயின் பெயரை எழுதுவதால்தான் நோய் வருகிறது, சீட்டைக் கிழித்துவிட்டால் நோயாளி எழுந்து நடப்பான் என்கிற வைத்தியம் இது. சான்றிதழ் வாங்காத சாதிக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். வட்டாட்சியர் கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல் ஏழு தலைமுறைச் சாதியும் அதில் அச்சாகியிருக்கும்.

இனி 1997-க்கு வருகிறேன். மாண்புமிகு வால் அவர்களின் பொதுவாழ்வில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஆண்டு.

அப்போது தமிழ்நாட்டில் பேருந்துகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன், திருவள்ளுவர், கட்டபொம்மன், ஜீவா. மாவட்டங்களுக்கும் பெயர் இருந்தது. ஈரோடு பெரியார் மாவட்டம், விருதுநகர் காமராசர் மாவட்டம், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். எல்லாச் சாதியும் எல்லா வண்டியிலும் ஏறியது. டிக்கெட்டில் யார் படம் இருக்கிறது என்று பார்த்து ஏறியவர் இல்லை. அந்த ஆண்டு அரசு, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி என்று போற்றப்படுபவர். வெள்ளைக்காரனை எதிர்த்து 1799-இல் உயிர்விட்டவர். தலித்.

கட்டபொம்மன் என்று எழுதிய வண்டியில் ஏறினார்கள். கட்டபொம்மனுக்காகச் செத்தவன் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்தால் தீட்டாம். அதே என்ஜின், அதே ஜன்னல் கம்பி, அதே கண்டக்டர். வண்டிகள் மீது கல் விழுந்தது. கலவரம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. ஆட்கள் செத்தார்கள்.

அந்த மண் எது தெரியுமா வாலே? பழைய ராமநாதபுரம் ஜில்லா. செங்கற்பட்டு மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியன் அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ் கம்பெனியின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவர். அதாவது அந்தக் காலத்தில் தலித்தைப் பஸ்ஸில் ஏறவிடாமல் தடுத்தாய். ஏறிவிட்டான். அவன் பெயர் பஸ்ஸில் ஏறியதும் நீ இறங்கி நின்று கல்லெறிந்தாய். எழுபது வருடத்தில் நீ கற்றுக்கொண்டது இவ்வளவுதானா?

அதே ஆண்டு ஜூன் கடைசியில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை எங்கே வைத்து வெட்டினாய்? அதுவும் பஸ்தான். ஆட்சியரைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களை வழிமறித்து, ஆறு பேரைக் கொன்றாய். தலைவர் என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் வந்ததைத் தவிர அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? வால் பின்னால் இருந்தால் பெருமை, பதவி முன்னால் வந்தால் கொலை. உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தின் அருகே 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க, காதலித்துக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக ஒரு பையனை வெட்டிப் போட்டாயே, அங்கே யார் பெயருக்குப் பின்னால் நீ இருந்தாய்? கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. பெயர்ப் பலகையில் தேடினால் நீ அகப்பட மாட்டாய். நீ கைப்பிடியில் இருந்தாய்.

தலைவர் மணியடிக்கிறார். வரவேற்புரையில் விருந்தினரை ஒருமையில் பேசக் கூடாது என்கிறார். மன்னிக்க வேண்டும், மாண்புமிகு வால் அவர்களே. தாங்கள் தண்ணீர் குடியுங்கள். டம்ளர் தங்களுடையதுதான், தனியாகத்தான் வைத்திருக்கிறோம்.

1997 கலவரத்துக்கு அரசு கண்ட தீர்வைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு பெயரில் ஏற மறுத்தவர்களைத் திருத்துவதைவிட, எல்லாப் பெயர்களையும் இறக்கிவிடுவது சுலபம் என்று முடிவாயிற்று. ஜூலையில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அத்தனை தலைவர்களின் பெயரும் நீக்கப்பட்டன. சேரன் போனான், சோழன் போனான், பாண்டியன் போனான். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே யாதும் ஊராகத் தெரிந்த தமிழனுக்கு ஒரு பஸ் மட்டும் வேற்றூராகத் தெரிந்ததால், எந்தச் சாதியும் உறுதியாகத் தெரியாத திருவள்ளுவர்கூட விரைவுப் பேருந்திலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. தங்களைத் தொட முடியாமல் மூவேந்தரையும் ஒரு புலவரையும் நடுரோட்டில் இறக்கிவிட்ட அரசாணை அது. தங்களுக்கு இதைவிடப் பெரிய பொன்னாடை யாரும் போர்த்தியதில்லை.

பெயர் மாற்றுவதில் நமக்கு எப்போதும் ஒரு சாமர்த்தியம் உண்டு. எதிர்த்துப் பேச முடியாதவர் வாலை முதலில் அறுப்போம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்ப் பலகைகளில் அறுத்தோம். 2021-இல் பாடப் புத்தகத்தில் உ.வே. சாமிநாத ஐயர் ‘உ.வே. சாமிநாதர்’ ஆனார், அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘மீனாட்சிசுந்தரனார்’ ஆனார். நல்லதுதான். ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த கிழவர் ஆட்சேபிக்கப் போவதில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மாவட்டச் செயலாளரின் கல்வெட்டில், ஒரு சாதிச் சங்கத் தலைவரின் ஃப்ளெக்ஸில் அந்த உளியை வைத்துப் பாருங்கள். உளி திரும்பி வரும், கை வராது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் ஒடுக்குமுறையின் அடையாளம், அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குகிறோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கைதட்டினேன், பொய்யில்லை. காலனிக்காரன் என்று வங்கி மேலாளர் பார்க்கிற பார்வை ஒன்று குறையும் அல்லவா. அக்டோபர் தொடக்கத்தில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயரில் இருக்கும் சாதியை நீக்க அரசாணையும் வந்தது. அந்த மை காய்வதற்குள், அக்டோபர் 9 அன்று, கோயம்புத்தூரில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். பெயர்: ஜி.டி. நாயுடு மேம்பாலம். எதிர்க்கட்சிகள் சிரித்தன. வாலை எடுத்துவிட்டால் ‘ஜி.டி.’ என்று இரண்டு எழுத்துதான் மிஞ்சும், யாருக்கும் ஆள் தெரியாது என்று விளக்கம் வந்தது.

அந்த மேதையின் மேல் எனக்கு மரியாதை உண்டு, பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் செய்த மனிதர். அதனால்தான் கேட்கிறேன். அவர் அப்பா பெயர் கோபால்சாமி, அவர் பெயர் துரைசாமி. அப்பா அம்மா தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயர் ஒன்று முழுசாக இருக்கிறது. துரைசாமி மேம்பாலம் என்றால் லாரி ஓடாதா? சாதனை செய்த மனிதனின் சொந்தப் பெயர் ஒரு எழுத்தாகச் சுருங்கிப்போய், அவனுக்கு முன்னும் பின்னும் லட்சம் பேருக்குப் பொதுவான சாதிப் பட்டம் அவன் முகமாகி நிற்கிறது பாருங்கள், மாண்புமிகு வால் அவர்களே, தங்கள் முழுத் திறமையையும் அங்கேதான் கண்டேன். தாங்கள் நாயை ஆட்டவில்லை, நாயையே விழுங்கிவிட்டீர்கள்.

பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. இந்த மேடையில் என்றைக்கு இருந்தது? ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த வீட்டில் நாலாவதாகவும் பெண் பிறந்தால் தெற்கே ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் ‘வேண்டாம்’ என்றே வைத்தார்கள். வேண்டாம், இங்கே வா. வேண்டாம், தண்ணீர் எடுத்துவா. வேண்டாம், உனக்கு வரன் வந்திருக்கிறது. தொட்டில் முதல் ஆதார் வரை அந்தப் பெண் தன்னை யாரும் கேட்கவில்லை என்பதையே தன் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமானால் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவனின் இனிஷியல் வரும். தான் பெற்ற பிள்ளைக்குக் குடும்பப் பெயர் எது என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்பதை நிலைநாட்ட ஆந்திரத்தில் கணவனை இழந்த ஒரு பெண் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு 2022 ஜூலையில் வந்தது. பத்து மாதம் சுமப்பதற்கு நீதிமன்ற அனுமதி கேட்காதவர்கள், பெயர் வைக்க மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் தங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. விண்ணப்பங்களில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அது சுயமரியாதை இயக்கத்தைக் கேள்விப்படாத கட்டம். நட்சத்திரக் குறி போட்டு, நிரப்பாமல் போக விடமாட்டேன் என்று நிற்கும். தமிழன் அங்கே அப்பா பெயரைப் போட்டான். பிறகு அமெரிக்கா முழுக்க அவனை “மிஸ்டர் கந்தசாமி” என்று அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே இருந்தவனுக்கு அமெரிக்க விசாவில் முன்பெயர் அறியப்படாதவன் என்று பொருள்பட ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்தைச் சூட்டினார்கள். சிலர் அந்த மூன்றெழுத்தோடு சம்பளம் வாங்கி, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது.

இந்தத் தொல்லைக்குப் புதுத் தலைமுறையில் சிலர் கண்டுபிடித்திருக்கும் மருந்து தாங்கள்தான். கொள்ளுத்தாத்தா அறுத்துப்போட்ட வாலைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒட்டுகிறார்கள். கேட்டால், “சர்நேம் வேணும்ல, அதுக்காகத்தான்.” உலகத்தில் அவர்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, பாட்டி பெயர் இருக்கிறது, ஒரு மலை, ஒரு ஆறு இருக்கிறது. எண் கணிதக்காரர் சொன்னால் பெயரில் இரண்டு ‘கே’, மூன்று ‘ஏ’, ஒரு ‘ஹெச்’ சேர்க்கத் தயங்காத பெற்றோர்கள் இவர்கள். யாருக்கும் பொருள் தெரியாத, நாக்கு சுளுக்கிக்கொள்கிற ‘ஷ்’ என்று முடியும் பெயரை நான்கு வெப்சைட் அலசிக் கண்டெடுக்கத் தெரிந்தவர்கள். சர்நேம் என்று வந்ததும் மட்டும் கற்பனை வறண்டு கை நேராகத் தாத்தாவின் பட்டத்துக்குப் போகிறது. 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டதே, அங்கே மழை அதிகம் என்று போட்டதா? தாங்கள் விசா வாங்கிப் போயிருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக, வரவேற்புக் குழு சார்பில் ஓர் அழைப்பு. 2029 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாட்டுக்கு நூற்றாண்டு. எல்லாக் கட்சிகளும் கொண்டாடப் போகின்றன, சந்தேகமில்லை. அலங்கார வளைவு, கண்காட்சி, சிறப்பு மலர், தபால் தலை எல்லாம் உண்டு. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயர் பாண்டி பஜாராகச் சுருங்கிப்போன தியாகராய நகரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், சேலைப் பைகளோடு. மாவட்டத்துக்கு இத்தனை பேச்சாளர், வட்டாரத்துக்கு இத்தனை என்று பட்டியல் போட வேண்டும். எந்தச் சமூகத்துக்கு எத்தனை இருக்கை, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் யார் வெளிநடப்பு செய்வார், எந்தப் படத்தை எவ்வளவு அகலத்துக்குப் போட்டால் எந்தத் தொகுதி கைவிட்டுப் போகும் என்ற கணக்கெல்லாம் தங்களைத் தவிர யாருக்கும் வராது. ஆகவே விழாக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகத் தாங்களே இருந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். அழைப்பிதழில் தங்கள் பெயர் வராது. கொள்கை இடம் கொடுக்காது. மற்றவர்கள் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, இரவோடு இரவாக அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.